1,240 டிகிரியிலும் வெளுக்காத மஞ்சள்

மஞ்சளை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு எதைத் தொடங்கினாலும் பேச்சு தானாக அங்கேதான் போய் நிற்கும். பூவரசம்பூ மஞ்சள்! உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னக் கிண்ணம், உள்ளே வெள்ளை, வெளியே முழுக்க அந்த மஞ்சள், விளிம்பில் மட்டும் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு கொஞ்சம் மெலிந்து அடியிலிருக்கும் மண் லேசாக எட்டிப் பார்க்கிறது. 1,240 டிகிரி வரை ஏறிய சூளைக்குள் வெந்து வெளியே வந்த கிண்ணம் அது. அந்தச் சூட்டில் வெள்ளி உருகிவிடும், தங்கம் உருகிவிடும், செம்பும் உருகிவிடும். இந்த மஞ்சளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பொடியாக உள்ளே போனபோது என்ன நிறமோ அதே நிறம், இன்னும் சொல்லப்போனால் அதைவிடப் பளிச்சென்று வெளியே வந்து நிற்கிறது! இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் திரும்பினால், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு அக்கா பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். புதுச்சேரியில் தொழில் கற்றவர். 1971இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்களே, அதற்குப் பிறகு ஆரோவில்லிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ பட்டறைகள் முளைத்துவிட்டன. அந்தக் காற்று அடித்து வந்து விழுந்த விதைகளில் ஒன்று இந்தத் தோப்புக்குள்ளும் முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே வாடிக்கையாளனாகப் போனவன். இப்போது வாளி கழுவுகிறேன், சல்லடை பிடிக்கிறேன், கிளேஸ் கலக்குகிறேன், போகச் சொன்னாலும் போவதில்லை.

அந்தச் சூளை திறந்த காலையைக் கேளுங்கள். மின்சூளை, மேலே மூடி. ராத்திரி முழுக்க ஆறியும் மீட்டரில் இன்னும் 110 டிகிரி. "தொடாத தம்பி, நூறுக்குக் கீழ வரட்டும்" என்கிறார் அக்கா. எனக்கா பொறுமை? மூடியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், எட்டிப் பார்க்கிற ஓட்டையில் கண்ணை வைக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை, இருட்டு, அனல்தான் முகத்தில் அடிக்கிறது. உள்ளேயிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டிங்’. ஆறும்போது கிளேஸ் சுருங்குகிற சத்தம். அதைக் கேட்டதும் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது, தண்ணீர் குடிக்கப் போனவன் குடிக்காமலேயே திரும்பி ஓடி வந்தேன். கடைசியில் அக்கா கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினார் பாருங்கள், முதல் தட்டு முழுக்க நிறம்! வெள்ளைப் பூச்சு பூசிய சூளைப் பலகை மேல் டர்க்காய்ஸ் நீலத்தில் ஒரு ஜாடி, பவளச் சிவப்பில் இரண்டு குவளை, கிளிப்பச்சையில் ஒரு தட்டு, அதன் பக்கத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் அந்த மஞ்சள் கிண்ணம். நான் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன், தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் என்னமோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார், அவரிடமும் கிண்ணத்தைக் காட்டி, "அண்ணே, இது பெயின்ட் இல்ல, சுரண்டினாலும் போகாது, உள்ளேயே வெந்தது" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல நெறம்பா" என்றார். எனக்கு அது போதும்!

சரி, இந்த நிறம் எங்கிருந்து வருகிறது? செராமிக் ஸ்டெயின் என்று ஒரு பொடி. பட்டறைக்காரர்கள் வாயில் வெறும் ‘ஸ்டெயின்’. அதற்கு முன்னால் பாண்டத்துக்கு நிறம் வேண்டுமென்றால் உலோக ஆக்சைடையோ கார்பனேட்டையோ நேராகக் கிளேஸில் கலப்பதுதான் வழி. அதிலும் ஒரு சுகம் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் கோபால்ட் கார்பனேட்டைப் பாருங்கள். ரோஜாவும் ஊதாவும் கலந்த பொடி, வாளியில் கலக்கினால் வெளிறிய இளஞ்சிவப்பு, சூளையிலிருந்து வரும்போது அடர்நீலம். செம்புக் கார்பனேட் மின்சூளையில் பச்சை, காற்றைக் குறைத்துப் புகையவிட்டு எரிக்கும் சூளையில் ரத்தச் சிவப்பு. பூசும்போது கண்ணுக்குத் தெரிவது ஒன்று, வருவது வேறொன்று. ஸ்டெயினில் அந்தக் கண்ணாமூச்சி இல்லை. ஆக்சைடுகளை அளந்து கலந்து, தொழிற்சாலையிலேயே கடும் சூட்டில் ஒருமுறை வேகவைத்து, கரையக்கூடிய மிச்சத்தைக் கழுவி, மாவாக அரைத்து அனுப்புகிறார்கள். தனியா, மிளகாய், பருப்பை அப்படியே குழம்பில் போடுவதற்கும் வறுத்து அரைத்த சாம்பார்ப்பொடியைப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெயின் வறுத்து அரைத்த பொடி. நடக்க வேண்டிய மாற்றமெல்லாம் முன்கூட்டியே நடந்து முடிந்துவிட்டது. மஞ்சள் டப்பாவைத் திறந்தால் மஞ்சள், நீல டப்பாவைத் திறந்தால் நீலம். பூசிக் காய்ந்திருக்கும்போது சுண்ணாம்படித்த மாதிரி வெளிறித்தான் இருக்கும், சூளைக்குப் போய் வந்ததும் அதே நிறம் கண்ணாடிக்குள் எழுந்து நிற்கும்.

இதில் எனக்குத் தலைகால் புரியாமல் போன இடம், அந்த மஞ்சள் ஏன் சாகவில்லை என்பதுதான். உருகிய கிளேஸ் என்பது உருகிய கண்ணாடி, கையில் கிடைத்ததையெல்லாம் கரைத்துக் குடிக்கும். அதற்குள் போய் ஒரு நிறம் எப்படித் தப்பிக்கிறது? சிர்கான்! சிர்கோனியமும் சிலிக்காவும் சேர்ந்த படிகம். மஞ்சள் ஸ்டெயின் செய்யும்போது சிர்கோனியம் ஆக்சைடு, சிலிக்கா, துளியூண்டு பிரசியோடைமியம் ஆக்சைடு மூன்றையும் கொஞ்சம் ஃபுளோரைடு உப்போடு சேர்த்து வேகவைக்கிறார்கள். சிர்கான் படிகம் வளர்கிறது, வளரும்போது சிர்கோனியம் உட்கார வேண்டிய சில இடங்களில் பிரசியோடைமியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான், மஞ்சள் பிறந்துவிட்டது. பிரசியோடைமியத்துக்குப் பதில் வனேடியம் சேர்த்தால் டர்க்காய்ஸ் நீலம். இதற்குத்தான் 1948இல் சீப்ரைட் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார், சிர்கான் நிறங்களின் குடும்பமே அங்கிருந்துதான் பெருகியது. இரும்பு சேர்த்தால் பவளச் சிவப்பு. சிர்கானோ லேசில் கரைகிற சாதியில்லை, கிளேஸ் என்ன முட்டினாலும் கதவைத் திறக்காது. காட்மியம் சிவப்பு இருக்கிறதே, தனியாக விட்டால் இந்தச் சூட்டில் எரிந்து காணாமல் போய்விடும். அதையும் சிர்கான் படிகத்துக்குள் பொதிந்து வைத்துவிட்டார்கள், இன்றைக்கு உச்சச் சூட்டிலும் தக்காளிச் சிவப்பு வருகிறது! அந்தப் பொடியை மட்டும் ஆலையில் போட்டு மறுபடி அரைக்கக் கூடாது, படிகம் உடைந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று அக்கா டப்பா மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். சிர்கான் எங்கே கிடைக்கிறது? கடற்கரை மணலில். நம்முடைய கடற்கரை மணலில்! கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் மணலோடு மணலாகக் கிடக்கின்றன, அரசு நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் என்ன இருக்கிறது? தோரியம் இருக்கிறது, அதோடு அருமண் தனிமங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று பிரசியோடைமியம்! மஞ்சளுக்கு வேண்டிய கூடும் அதற்குள் உட்காரும் உயிரும் ஒரே கரையில் கலந்து கிடக்கின்றன. இந்தக் கதையின் முன்பாகம் இன்னும் ருசி. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது மோனசைட்டுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? அதிலுள்ள தோரியத்துக்காக. தோரியம் எதற்கு? காஸ் விளக்கு மேண்டிலுக்கு. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் வெள்ளையாக எரியுமே, அதே மேண்டில்! அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் ஆவுர் வான் வெல்ஸ்பாக். அதே மனிதர்தான் 1885இல் பிரசியோடைமியத்தைத் தனியாகப் பிரித்தும் காட்டினார். ஒரே ஆள்! பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் என் கிண்ணத்து மஞ்சளும் ஒரே ஆளின் மேசையிலிருந்து வந்தவை. இது தெரிந்த அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு எழுப்பிச் சொன்னேன், "காலைல சொன்னா ஆகாதா தம்பி" என்றார். ஆகாதே, எனக்கு ஆகாதே! கல்பாக்கம் கடற்கரை மணலிலும் மோனசைட் இருக்கிறது. அது இங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் அதே கடல்தான், அதே கரைதான். இப்போதெல்லாம் கடப்பாக்கம் கரையில் அலை இழுத்துப்போன இடத்தில் கருமணல் கோடு தெரிந்தால் நான் குனிந்து அள்ளாமல் வருவதே இல்லை.

இந்தக் கரைக்குப் பானை புதிது ஒன்றும் இல்லை. தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரிச் சிவப்புப் பாண்டம் கிடைத்தது, நம் ஊர்ப் பாண்டமும் கிடைத்தது. தமிழ்நாட்டில் எங்கே தோண்டினாலும் கருப்பும் சிவப்புமாக ஓடு கிடைக்கும். அத்தனையும் இரும்பின் வேலை. காற்றுப் பட்டு வெந்தால் சிவப்பு, காற்றில்லாமல் புகையில் வெந்தால் கருப்பு. ஒரே மண், ஒரே இரும்பு, காற்றை வைத்தே இரண்டு நிறம் வாங்கிய அந்தக் கைகளைக் கும்பிடத்தான் வேண்டும். நினைத்துப் பாருங்கள், அந்தக் குயவர் ஒருவர் கையில் இந்த மஞ்சள் டப்பாவைக் கொடுத்தால் எப்படி இருந்திருக்கும்! எனக்குக் கிடைத்திருக்கிறதே என்று நினைக்கும்போது நெஞ்சு விம்முகிறது.

கிளேஸை மட்டும் சொன்னேன், மண்ணை இன்னும் தொடவே இல்லை. ஸ்டெயினை மண்ணிலேயே கலக்கலாம்! அதற்கு வெள்ளை மண் வேண்டும், செம்மண்ணில் போட்டால் அதிலிருக்கிற இரும்பு நிறத்தை விழுங்கிவிடும். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை வைத்துத்தானே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலே வளர்ந்தது, நமக்கு மண்ணுக்குப் பஞ்சமில்லை. காய்ந்த மண் 100 கிராமுக்கு 5 முதல் 10 கிராம் ஸ்டெயின். நாங்கள் ஸ்டெயினைத் தண்ணீரில் குழைத்து, கூழாக்கிய மண்ணில் ஊற்றி, சல்லடையில் வடித்து, பிளாஸ்டர் பலகையில் கொட்டி ஈரம் இழுக்கவிட்டோம். விரல் பதியும் பதம் வந்ததும் சுருட்டி எடுத்துப் பிசைந்தோம். கையெல்லாம் நீலம்! நீல மண்ணைத் தகடாகத் தட்டி, அதன் மேல் வெள்ளைத் தகடு, அதன் மேல் இளம்பச்சை, மறுபடி வெள்ளை, நடுவில் ஒரு கோடு பவளம், ஒவ்வொரு தகட்டுக்கும் இடையில் சேற்றுக்கூழ் தடவி அழுத்தி, சுருட்டி, கட்டையாகத் தட்டி, ஈரத்துணி போர்த்தி வைத்தோம். மறுநாள் அக்கா அறுப்புக் கம்பியை என் கையில் கொடுத்து, "நீயே அறு" என்றார். ஐயோ, அந்த நிமிஷத்தை உங்களுக்கு எப்படிக் கொடுப்பேன்! கம்பியின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டையின் மேல் வையுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இழுங்கள், மண் ‘சர்ர்’ என்று வழிவிடுகிறது, மேல் துண்டை மெல்லத் தூக்குங்கள், உள்ளே சுழி! நீலமும் வெள்ளையும் பச்சையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவில் அந்தப் பவளக் கோட்டில் போய் முட்டுகின்றன, இன்னொரு துண்டு அறுத்தால் அதே சுழி, ஆனால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, இன்னொன்று, அதிலும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, நிறுத்த மனசே வரவில்லை, அறுத்துக்கொண்டே போனேன், மேசை முழுக்கச் சுழி, அக்கா சிரித்துக்கொண்டே மீதிக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டார். ஜப்பானியர்கள் இதை நெரிகோமி என்கிறார்கள். அந்தத் துண்டுகளை அச்சில் அடுக்கி அழுத்தித் தட்டாக்கி, வெந்த பிறகு நனைத்துத் தேய்த்தால் நிறம் அடிவரைக்கும் ஓடுகிறது. தட்டு உடைந்தால் உடைந்த விளிம்பிலும் அதே கோலம் இருக்கும்!

குறையா? விலை கொஞ்சம் கூடுதல்தான், சிவப்பும் ஆரஞ்சும் கையைக் கடிக்கும். விறகுச் சூளைக்காரர்கள் சிலர், ஸ்டெயின் நிறம் தட்டையாக இருக்கிறது, சாம்பல் விழுந்து வரும் கிளேஸின் ஆழம் இதில் இல்லை என்பார்கள். அவர்கள் பாண்டமும் அழகுதான். ஆனால் ஸ்டெயினோடு ஒரு சிட்டிகை இரும்போ ரூட்டைலோ சேர்த்து, ஒளி ஊடுருவும் கிளேஸில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நிறமில்லாத கிளேஸ் பொடி 100 கிராம் எடுங்கள், 2 கிராம் ஸ்டெயின் போட்டு ஒரு மண் வில்லையில் பூசுங்கள், 4 போட்டு ஒன்றில், 6 போட்டு ஒன்றில், 8 போட்டு ஒன்றில். ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணை எழுத மறக்காதீர்கள். பொடி பறக்கும்போது முகமூடி கட்டாயம், துடைப்பதெல்லாம் ஈரத்துணியில்தான். சாப்பாட்டுப் பாத்திரத்தின் உள்பக்கத்துக்கு நிறமில்லாத கிளேஸே போதும், அந்த மஞ்சள் கிண்ணத்தின் உள்ளே வெள்ளை இருப்பது அதனால்தான். பிறகு நீலத்தையும் மஞ்சளையும் கலக்குங்கள். ஒன்பது பங்கு நீலத்துக்கு ஒரு பங்கு மஞ்சள், எட்டுக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று என்று மாற்றிக்கொண்டே போனால் கழிமுகத்துத் தண்ணீரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னென்ன பச்சை வருமோ அத்தனையும் வில்லை வில்லையாக வந்து விழும். எங்கள் சுவரில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறோம், கடற்காற்றில் கிணுகிணுவென்று ஆடுகின்றன, கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் சத்தம் கேட்டே உள்ளே வந்துவிடுகிறார்கள்!

அடுத்தது ரோஜா நிறம். குரோமியமும் வெள்ளீயமும் சேர்ந்த ஸ்டெயின். துளி குரோமியம், நிறைய வெள்ளீய ஆக்சைடு, கூடவே கால்சியம், அதிலிருந்து எப்படி ரோஜா வருகிறது என்பதே ஒரு அதிசயம். அதற்குக் கிளேஸில் கால்சியம் தாராளமாக இருக்க வேண்டும், துத்தநாகம் இருக்கவே கூடாது, இருந்தால் ரோஜா பழுப்பாகிவிடும். துத்தநாகம் இல்லாத கிளேஸை நேற்றே கலக்கி 80 மெஷ் சல்லடையில் இரண்டு தரம் வடித்து வைத்துவிட்டேன், முதல் சூடு வாங்கிய குவளைகளும் வரிசையாகக் காத்திருக்கின்றன. கரண்ட் ஒழுங்காக இருந்தால் வெள்ளிக்கிழமை சூளை ஏற்றுகிறோம், ஞாயிறு காலை திறக்கிறோம். நீங்கள் சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் இருந்தால் கடப்பாக்கத்தில் இறங்கிவிடுங்கள், மூடியைத் தூக்கும்போது பக்கத்தில் நின்று கத்த எனக்கு ஆள் வேண்டும்!